தாமதத் தாய்கள்

அண்ணனுடைய இரத்தம் குழாய் வழியாக வெளியே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தில் சலித்துச் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் வந்து சேர்வதற்கு ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் பிடிக்கும். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். காலை ஏழு மணிக்கு ஊசி குத்தினால் பதினொன்றுக்குத்தான் விடுவார்கள். மூன்று வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆரம்பத்தில் அதைப் பார்க்க முடியாமல் தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போதெல்லாம் அந்த இயந்திரத்தின் இரைச்சல் காதில் விழுந்தால் அவளுக்குத் தூக்கம்தான் வருகிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் தன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி அண்ணன் பக்கத்தில் உட்காருவதே புதுசு. மூன்று வருஷமும் ஊசி குத்திய கையோடு "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அரக்கப்பரக்க ஒன்பதரைக்குள் ஆய்வகத்துக்கு ஓடியிருக்கிறாள். அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் தவளை முட்டை யாருக்காகவும் நிற்காது. சோதனைகள் முடிந்து எழுத்து வேலை மட்டும் மிஞ்சியிருந்த இந்த இரண்டு மாதமாகத்தான் ஸ்டூல் பாக்கியம். ஏட்டைக் கொடுக்க இன்னும் மூன்று வாரம்.

"என்ன பிரட்டை, இன்னும் முடியலையா?" என்றார் அண்ணன்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. ஏழு வருஷத்துக்கு முன்னால், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் தவளையை ஆராயப் போகிறேன் என்று அவள் வந்து நின்ற நாளிலிருந்து அண்ணனுக்கு அவள் தலைப்பிரட்டைதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதே நின்றுபோயிற்று.

"முடிஞ்சிடுச்சுண்ணே. பின்னாடி ஒரு அட்டவணை இருக்கு. தேதியெல்லாம் சரியான்னு பாக்கறேன்."

"அந்தக் கேள்வி கேக்கற கூட்டம் எப்ப?"

"குடுத்ததும் ரெண்டு மாசத்துல."

"நான் முன்வரிசைல உக்காருவேன். எவனாவது எக்குத்தப்பா கேட்டா இரும ஆரம்பிக்கறேன். தண்ணி குடு, கதவைத் திறன்னு அஞ்சு நிமிஷம் ஓடிடும். நீ அதுக்குள்ள யோசிச்சுக்க."

அவள் சிரித்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. கடைசல் பட்டறையில் இரும்புத்தூளைத் தின்று அவளை வளர்த்தவர் அவர்தான். கல்யாணம் கில்யாணம் என்று அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. போன வாரம் இந்த ஆஸ்பத்திரியின் நடைவழியில் வைத்து டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்: "இருதயம் ரொம்பக் களைச்சுப் போச்சும்மா. ஒரு வருஷம்னு மனசுல வெச்சுக்கங்க." அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் பட்டத்தைப் பற்றிய ஆசையெல்லாம் சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு நாற்காலியாகிவிட்டது. முன்வரிசையில் அண்ணன் உட்கார வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

அவளுடைய ஆய்வு, கடுகளவே உள்ள ஒரு முட்டையைப் பற்றியது. பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஆயிரக்கணக்கில் செல்லாகப் பிரிந்துகொண்டே போகும். அதற்குள் ஒரு மரபணு தூங்கிக்கொண்டிருக்கும். கரு வளர்ச்சியில் பத்தாம் கட்டம் என்று ஒன்று உண்டு. அந்தக் கட்டம் வரும்போது முதுகாகப்போகிற பக்கத்தில் அந்த மரபணு நன்றாக விழித்துக்கொண்டு, வளர்ச்சிக் காரணி என்கிற புரதத்தைச் செய்ய வைக்கும். அந்தப் புரதம் பக்கத்துச் செல்களிடம் போய் நீ முதுகாகு, நீ தசையாகு என்று வேலை ஏவும். கருவை அந்த நேரத்தில் மருந்தில் போட்டு நிறுத்தி, சாயம் ஏற்றினால், மரபணு விழித்த இடம் மட்டும் ஊதாவாகத் தெரியும். இதைப் பார்ப்பதற்குத்தான் ஏழு வருஷம்.

அவள் கண்டுபிடித்தது என்ன என்றால், எல்லாத் தவளையின் கருவிலும் அது ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. மூன்றாம் தொட்டியிலும் ஐந்தாம் தொட்டியிலும் இருந்த தாய்களின் முட்டைகள், பத்தாம் கட்டத்திலும் சாயம் ஏறாமலே இருந்தன. ஊதா பேருக்குக்கூட இல்லை. அந்தத் தாய்கள் மரபணுவைத் தடுத்து வைக்கும் எதையோ முட்டைக்குள் போட்டு அனுப்புகின்றன என்று அவளும் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியையும் முடிவு கட்டினார்கள். பேராசிரியை அவற்றுக்குத் தாமதத் தாய்கள் என்று பெயரே வைத்துவிட்டார். நாலாம் அத்தியாயம் முழுக்க அந்தத் தாய்களின் புராணம்தான், அறுபது பக்கம். ஒரு மாநாட்டில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது நர்ஸ் வந்து, "அட்டையைக் குடுங்க, இன்னிக்குத் தேதி போடணும்" என்றாள். அண்ணனின் தலையணைக்கு அடியிலிருந்து தங்கை மஞ்சள் அட்டையை உருவினாள். மூன்று வருஷத்துச் செவ்வாய் வெள்ளியெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. மடியில் அட்டவணை, கையில் அட்டை. தேதிகளையே காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண், அந்தத் தேதிகளையும் சும்மா ஒரு ஓட்டம் ஓட்டியது.

ஓட்டிய கண் அங்கேயே நின்றுவிட்டது.

தாமதம் என்று அவள் குறித்திருந்த ஒவ்வொரு தேதியும் மஞ்சள் அட்டையில் இருந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தொட்டிகளுக்கு முறை உண்டு; செவ்வாய் என்றால் மூன்றாம் தொட்டித் தவளை, வெள்ளி என்றால் ஐந்தாம் தொட்டித் தவளை. ஆனால் போன வருஷம் ஒரு மாதம் ஆஸ்பத்திரி இயந்திரம் பழுதாகி, அண்ணனின் வெள்ளிக்கிழமை முறை வியாழனுக்கு மாறியது. அந்த மாதம் நாலு வியாழனும் நாலாம் தொட்டி முட்டைகள் தாமதம். அதே மாதம் நாலு வெள்ளியும் ஐந்தாம் தொட்டி முட்டைகள் ஒழுங்காக ஊதாவாகியிருந்தன. அடிக்குறிப்பில் அவளே எழுதியிருந்தாள்: "தற்காலிக மாற்றம். காரணம் தெரியவில்லை." காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டால் எந்தப் பள்ளத்தையும் தாண்டிவிடலாம் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

தாமதம் தவளையோடு போகவில்லை. அண்ணனோடு போயிருந்தது.

அண்ணனுடைய சிறுநீரகத்துக்கும் தவளை முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

"அட்டையை விடும்மா, இழுக்காத" என்றாள் நர்ஸ்.

அண்ணனை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, அவள் ஆய்வகம் போனபோது மணி ஒன்று. தொட்டி அறையில் தொட்டிக்காரர் பாசி வழித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர். தவளைகளுக்குத் தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, நோய் வந்ததைத் தனியாக எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விடியற்காலை ஐந்தரைக்கே வந்துவிடுவார். ஒருமுறை குழாயை மூடாமல் போய் மாடிப்படி வரை தண்ணீர் நின்றதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஐயா, செவ்வாய் வெள்ளி காலைல என் முட்டை இருக்கற குளிர்பெட்டிகிட்ட யாராவது வருவாங்களா?"

"வேற யாரும்மா வருவா? நான்தான்."

"நீங்க எதுக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் லேசான வெட்கம். நல்ல காரியம் செய்து பிடிபட்டவரின் வெட்கம்.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் நீங்க லேட்டா வந்தீங்க. முட்டையெல்லாம் கட்டம் தாண்டிப் போயிடுச்சு. இதோ, இந்த எடத்துல தரையில உக்காந்து அழுதீங்க. எனக்காக ரெண்டு மணி நேரம் நிக்கக் கூடாதா இதுங்கன்னு. எனக்கு மனசு கேக்கல. குளிர வெச்சா மெதுவா வளரும்னு மேடம் ஒரு தடவ பசங்களுக்குச் சொல்லிட்டு இருந்தாங்க. அதான், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நாள்ல மட்டும், அஞ்சரைக்கு வந்ததும் பதினெட்டு டிகிரில இருக்கறத பதினாலுக்கு இறக்கி வெச்சிடுவேன். ஒம்பதே காலுக்குத் திரும்ப ஏத்திடுவேன். நீங்க வர்றதுக்குள்ள சரியாயிடும். அந்த வியாழக்கிழமை மாறினப்பகூட நான் கரெக்டா மாத்திக்கிட்டேன்."

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கத்தியிருப்பாள். கத்துவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"ஐயா, அதுங்க ரெண்டு மணி நேரம் பின்னாடி இருந்திருக்கு. நான் பத்தாம் கட்டம்னு எழுதினது பத்தாம் கட்டமே இல்ல. அதுக்கு முந்தினது. அதான் ஊதா வரல. தாயும் இல்ல, தாமதமும் இல்ல. எல்லாம் நாம பண்ணது."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ, நான் உதவின்னு நெனச்சேனேம்மா" என்றார். அப்புறம் இன்னும் மெதுவாக, "ஆனா நீங்க பார்த்துத்தானே எடுப்பீங்க? பார்த்தா தெரியாதா?"

தெரியும். அதுதான் விஷயமே. பத்தாம் கட்டத்துக் கருவை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கீழ்ப்பக்கம் திருப்பினால், வெளுத்த பக்கத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். ஆய்வகத்தில் அதை உதடு என்பார்கள். உதடு தெரிந்தால் பத்து, தெரியாவிட்டால் பத்து இல்லை. அவ்வளவுதான் கணக்கு. முதல் வருஷ மாணவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்காதே, கருவைப் பார் என்று. ஆனால் செவ்வாய் வெள்ளிகளில், நாலு மணிக்கு எழுந்து, அண்ணனைக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, இரண்டு பஸ்ஸில் நின்றபடி தூங்கி வந்தவளுக்கு இருநூறு கருவைத் திருப்பிப் பார்க்கக் கண் இல்லை. முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு முட்டையைக் கருவுறச் செய்தது, பதினெட்டு டிகிரியில் பதினாறு மணி நேரம் ஆயிற்று, ஆகவே பத்தாம் கட்டம். அப்படியே மருந்தில் கொட்டி, நோட்டில் பத்து என்று எழுதிவிட்டாள். பிறகு சாயம் ஏற்றிப் பார்த்தபோது உதடு இல்லாதது கண்ணில் பட்டதுதான். அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. வளர்ச்சிக் காரணி வராததால்தான் உதடு வரவில்லை என்று அறுபது பக்கத்தில் பத்துப் பக்கம் அதற்கே போயிருந்தது.

"பார்த்தா தெரியும்யா" என்றாள். "நான் பாக்கல."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு மறைத்துவிடும் ஆசை வந்தது. வராமல் இருக்குமா? ஒரு தவளை ஆய்வேட்டையும் ஒரு சிறுநீரக நோயாளியின் மஞ்சள் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த உலகத்தில் வேறு எவருக்கும் வாய்ப்பே இல்லை. தொட்டிக்காரர் வாயைத் திறக்க மாட்டார். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். அப்புறம் இரண்டு மாதம். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து இருமிக்கொள்ளலாம். பஸ் நிறுத்தம் வரும்வரை முழுசாக ஆசைப்பட்டாள். அதைக் கெடுத்தது எந்தப் பெரிய கொள்கையும் இல்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, தாமதத் தாய்கள் முட்டைக்குள் போட்டு அனுப்புகிற அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வுத் தலைப்பு. இல்லாத ஒன்றைத் தேடி அந்தப் பெண் ஐந்து வருஷம் நாய் படாத பாடு படுவாள். கிடைக்கவில்லை என்றால் தன் மேல்தான் குறை என்று நினைப்பாள்.

மறுநாள் காலை பேராசிரியையின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்தார். அவரும் களைத்துப்போன மனுஷிதான். "பெட்டியைக் குளிர வெச்சது யாரு?"

"நான்தான் மேடம். லேட்டாயிடும்னு பயத்துல."

"அஞ்சரை மணிக்கா?"

"ஆமா மேடம்."

"வாசல் அட்டை எல்லாம் பதிவாகுதும்மா. அந்த நாள்ல நீ ஒம்பது மணிக்கு முன்னாடி உள்ள வந்ததே இல்ல. அஞ்சரைக்கு இந்தக் கட்டடத்துக்குள்ள வர்றது ஒரே ஒரு ஆளு."

பேராசிரியை மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"சரி. நீதான்னு வெச்சுக்கறேன். நீதானே பத்துன்னு எழுதினவ? அந்தப் படத்தையெல்லாம் நானும்தான் நூறு தடவ பார்த்தேன். உதடு எங்கன்னு நான் கேக்கல. பேரு நல்லா இருந்துச்சு, எனக்குப் புடிச்சிருந்துச்சு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாலாம் அத்தியாயம் போச்சு. மாநாட்டுக்கு நான் எழுதிடறேன், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறோம்னு. எல்லாத் தொட்டிலேயும் எல்லாக் கிழமையும் திரும்பப் பண்ணணும். வேகமாப் பண்ணா ஆறு மாசம். அப்புறம் எழுதறது, மத்ததெல்லாம்."

"ஆறு மாசத்துக்குக் குறைச்சு முடியாதா மேடம்?"

"நம்ம கையில இல்லம்மா அது, தவளை கையில இருக்கு" என்றார் பேராசிரியை. அவள் ஏன் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவள் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் ஒரு ஜோக்கும் அடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளுக்கு வேலை போச்சா?"

"இல்லண்ணே."

"நல்லது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ தரையில உக்காந்து அழுத கதைய எங்கிட்ட சொல்லவே இல்லையே பிரட்டை. மூணு வருஷம் நீ ஓடினத அந்த மனுஷன் ஒருத்தர்தான் பார்த்திருக்காரு. நான் இங்க படுத்துக்கிட்டு, தங்கச்சி சௌக்கியமா ஆராய்ச்சி பண்றான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"அதில்லண்ணே. ஆறு மாசம் ஆகும். அதுக்கு மேல ரெண்டு மாசம், மூணு மாசம்..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

"டாக்டர் உங்கிட்ட மட்டுமா சொன்னாரு? எங்கிட்டயும்தான் சொன்னாரு. நீ பயப்படுவேன்னு நான் சொல்லல." குழாய் சொருகிய கையை அசைக்காமல், மறு கையால் அவள் முழங்காலைத் தட்டினார். "வருஷம்னா பன்னண்டு மாசம். உனக்கு ஒம்பது போதும்ல? மிச்சம் மூணு இருக்கு. தாராளம்."

அவள் அழுதாள். அண்ணன் தடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுபடியும் அதே ஓட்டம். நாலு மணி, ஆஸ்பத்திரி, இரண்டு பஸ், ஒன்பதரை. ஒரே வித்தியாசம், இப்போது இருநூறையும் திருப்பிப் பார்த்தாள். கண் எரியும், கழுத்து இற்றுப்போகும். உதடு தெரிந்ததை எடுத்து மருந்தில் போட்டு, தெரியாததை ஒதுக்கினாள். நோட்டில் மணிக்கு ஒரு பத்தி, டிகிரிக்கு ஒரு பத்தி, மாற்றினால் காரணத்துக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டு வைத்தாள். தொட்டிக்காரர் அந்தக் குளிர்பெட்டி இருந்த பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. அவள் மூச்சிரைக்க வந்து நிற்கும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி அறை வாசலில் நிற்பார். மூன்றாம் தொட்டி, ஐந்தாம் தொட்டி முட்டைகளெல்லாம் நல்ல பிள்ளைகளாகப் பத்தாம் கட்டத்தில் ஊதாவாயின. ஏழு வருஷத்து முடிவு ஒரே வரியில் அடங்கியது: எல்லாத் தாய்களும் ஒன்றுதான். இதற்கு எவரும் கைதட்டப்போவதில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸைவிட்டு இறங்கி இரண்டாவதற்குக் காத்திருந்தபோது நர்ஸ் போன் செய்தாள். மணி ஏழே முக்கால். "உடனே வாங்க. பிரஷர் சடார்னு எறங்கிடுச்சு. மெஷினை நிறுத்திட்டோம். அவசரப் பிரிவுக்குக் கொண்டு போறோம்."

எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸை நோக்கி அவள் ஓடினாள். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் முட்டை ஞாபகம் வந்தது. அன்றைக்கு இருந்தது ஐந்தாம் தொட்டியின் கடைசித் தாயின் முட்டை. இதை விட்டால் அந்தத் தவளை ஓய்வெடுத்து மறுபடி முட்டையிட மூன்று மாதம். அண்ணன் விளையாட்டாகச் சொன்ன அந்த மிச்சம் மூன்று மாதம். அவள் தொட்டிக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஐயா, பெட்டியைப் பதினாலுக்கு இறக்குங்க."

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஐயா?"

"நானாம்மா?"

"நீங்கதான். குளிர வெச்சது தப்பில்லய்யா, எழுதாம விட்டதும் பாக்காம விட்டதும்தான் தப்பு. என் நோட்டு பெட்டி மேல இருக்கு. மணி எழுதுங்க, எத்தனைலேர்ந்து எத்தனைன்னு எழுதுங்க, கடைசிப் பத்தில காரணம் எழுதுங்க. கீழ கையெழுத்து போடுங்க. வேற எதையும் தொடாதீங்க, நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"என்ன காரணம்னு எழுதறது?"

"உள்ளதை எழுதுங்க" என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார், அன்றைக்கு. எட்டே முக்காலுக்குக் கண்ணைத் திறந்தபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மாதக் கணக்குச் சொல்ல முடியாது, வாரக் கணக்குத்தான் என்றார். திரும்பி வந்தபோது அண்ணன், "முட்டை?" என்றார்.

"காத்துட்டு இருக்குண்ணே."

"அப்ப போ. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது பதினொன்றே கால். தொட்டிக்காரர் குளிர்பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். நேராகக் கரு இருந்த தட்டை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். இடுக்கியால் முதல் கருவைத் திருப்பினாள். வெளுத்த பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் தொட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். எல்லாம் அவளுக்காக நின்றிருந்தன. அவள் எல்லாவற்றையும் மருந்தில் போட்டு முடித்து, குப்பியில் தேதி எழுதி ஒட்டிவிட்டு, நோட்டைத் திறந்தாள்.

அவளுடைய பொடி எழுத்துக்கு நடுவில் தொட்டிக்காரரின் எழுத்து கோட்டைத் தாண்டிப் பெரிசு பெரிசாக இருந்தது. காலை 7.55. பதினெட்டிலிருந்து பதினாலு. காரணம் என்ற பத்தியில்: அம்மா அவங்க அண்ணன் பக்கத்துல இருக்கணும். கீழே கையெழுத்து.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் பதறிப்போனார். "தப்பா எழுதிட்டேனாம்மா? அடிச்சுட்டு வேற எழுதவா?"

"வேணாம்யா. இது அப்படியே அட்டவணைக்குப் போகும்."

போகத்தான் வேண்டும். சோதனை நோட்டில் உள்ள காரணத்தை அட்டவணையில் மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. கேள்வி கேட்கிறவர்கள் பின்னிணைப்பைப் புரட்டுவார்கள், டிகிரி ஏன் மாறியது என்று விரலை வைத்துக் கேட்பார்கள், அவள் எழுந்து நின்று சத்தமாகப் பதில் சொல்லியாக வேண்டும். முன்வரிசையில் அண்ணன் இருப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருக்க மாட்டார் என்றுதான் அவளுடைய களைத்த மனசு சொல்லிற்று. அவள் பேனாவை எடுத்து அந்தப் பெரிய எழுத்துக்குக் கீழே, 11.40, திருப்பிப் பார்த்தேன், பத்தாம் கட்டம் என்று எழுதினாள். நோட்டை மூடிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.